நான்கு கப்பல் பயணம், வீட்டில் இரண்டு தீர்ப்பு

"க்ரூஸ் எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் இரண்டு பதில் வரும். "அடுத்தது எப்போன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பேன் நான். "ஊரைக் கண்ணுல காட்டிட்டுப் பிடுங்கிக்கிறாங்க" என்பாள் மனைவி. இருவரும் போனது ஒரே கப்பல், தங்கியது ஒரே கேபின். ஒன்பது வருடத்தில் நான் நான்கு முறை கடலில் போய்வந்துவிட்டேன். இரண்டு முறை அவளும் வந்தாள். இன்னும் தீர்ப்பு ஒன்றாகவில்லை. அதனால்தான் இந்த அனுபவத்தை எழுதினால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது. போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் கப்பலை ஆராய்கிறார்கள்: எத்தனை நீச்சல் குளம், எத்தனை உணவகம், என்ன நிகழ்ச்சி. எங்கள் இருவருக்கும் நடந்ததைப் பார்த்தால், அதற்கு முன்னால் ஆராய வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார்.

முதல் பயணம் 2015-இல், மத்தியதரைக் கடலில் ஏழு இரவு. பார்சிலோனாவில் ஏறி மார்செய், லிவோர்னோ, ரோம், நேப்பிள்ஸ் என்று ஒரு சுற்று. பட்டியலைப் பார்த்ததும் மனைவிக்குக் கண் விரிந்தது. ஒரே வாரத்தில் இத்தனை ஊர்! ரோமில் கடல் எங்கே இருக்கிறது என்று இருவரும் யோசிக்கவே இல்லை. கப்பல் நின்றது சிவித்தாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். காலையில் இறங்கி, துறைமுக வாசல்வரை பேருந்து, பிறகு ரயில் என்று ரோமுக்குள் நுழையும்போதே பத்தரை மணி. மாலை ஐந்தரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். கொலோசியத்தை வெளியே நின்று பார்த்தோம். உள்ளே போகும் வரிசையைப் பார்த்ததும் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பினோம். பயணத் திட்டத்தில் ஃப்ளாரன்ஸ் என்று இருந்தால் அது லிவோர்னோ. பாரிஸ் என்று இருந்தால் லே ஆவ்ர், அதாவது 200 கிலோமீட்டர் தள்ளி. துறைமுகத்தின் பெயரை வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மனைவியின் மனக்கசப்பு அந்த ரோம் நாளில்தான் தொடங்கியது. நியாயமான கசப்பு. அவள் ஒரு ஊருக்குப் போனால் அதன் காலைச் சந்தையிலிருந்து இரவுத் தெருவிளக்குவரை பார்க்க வேண்டும் என்பவள். க்ரூஸில் எந்த ஊரின் இரவையும் பெரும்பாலும் பார்க்க முடியாது. விளக்கு ஏற்றும் நேரத்தில் கரை விலகிப் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொரு பாடமும் அதே பயணத்தில். காட்சி நன்றாக இருக்கும் என்று கப்பலின் முன்பக்கத்தில், உயரமான தளத்தில் கேபின் எடுத்திருந்தேன். பார்சிலோனாவுக்கும் மார்செய்க்கும் இடையில் லயன்ஸ் வளைகுடா இருக்கிறது. வடக்கிலிருந்து மிஸ்ட்ரால் காற்று இறங்கும் இடம். முதல் இரவே கட்டில் எங்களைத் தூக்கித் தூக்கி வைத்தது. காலையில் மாடிப்படிக் கைப்பிடிகளில் வாந்திக்கான காகிதப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே குமட்டியது. பெரிய கப்பல்களுக்குத் தண்ணீருக்கடியில் இருபுறமும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவில் உட்கார்ந்தவனுக்கு அசைவு குறைவு. கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், அதுதான் வயிற்றுக்கு நல்ல இடம். கீழ்த்தளத்தில் விலையும் பெரும்பாலும் குறைவு என்பது வாழ்க்கையில் அபூர்வமாகக் கிடைக்கும் சலுகை. ஏற்கெனவே பேருந்திலேயே தலை சுற்றுபவர் என்றால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு ஏறுங்கள். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிய பயன் இல்லை.

அடுத்தது 2018, அலாஸ்கா. இந்த முறை அம்மாவும் வந்தார். எழுபத்தொரு வயது, முழங்கால் வலி, நாளுக்கு ஒரு ஓட்டல் மாறும் சுற்றுலாவெல்லாம் அவரால் முடியாது. பெட்டியை ஒரே ஒரு முறை பிரித்தார், ஏழு நாளுக்கு மூடவில்லை. மலைகள்தான் அவரைத் தேடி வந்தன. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துக் கப்பல் சரியா தப்பா என்று முடிவாகிவிடும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. அலாஸ்காவின் தலைநகரமான ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது; விமானத்தில் போக வேண்டும், அல்லது கப்பலில். பனிப்பாறை வளைகுடாத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு க்ரூஸ் கப்பல்களுக்குத்தான் அனுமதி. பூங்கா அதிகாரிகள் கப்பலுக்கே ஏறி வந்து ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்கள். யாரும் இறங்கவில்லை, இறங்கத் தேவையும் இல்லை. மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று, இரண்டு பக்கத்துக்காரர்களும் பார்க்கட்டும் என்று மெதுவாக ஒரு வட்டம் சுற்றியது. பனிச்சுவர் ஒன்று பிளந்து விழுந்தது. முதலில் விழுவது தெரிந்தது, சத்தம் அப்புறம்தான் வந்தது. அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. "ரோமுக்குப் போய் இப்படி உட்கார முடியுமாடா?" என்றார். மனைவிகூட அன்றைக்குக் குறை சொல்லவில்லை.

ஆனால் வயதானவர்களோடு போவதில் கவனிக்க வேண்டியதும் உண்டு. சில ஊர்களில் கப்பல் கரையைத் தொடாது. கரைக்குச் சற்றுத் தள்ளி நின்று, டெண்டர் என்னும் சிறு படகுகளில் ஏற்றி அனுப்புவார்கள். ஆடும் படகுக்கும் ஆடும் மேடைக்கும் நடுவே கால் வைத்துத் தாண்ட வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களுக்குப் பல சமயம் அனுமதி கிடைக்காது. கிரேக்கத் தீவான சான்டோரினி அப்படிப்பட்ட ஊர்தான். படகில் கரை சேர்ந்த பிறகும் மேலே மலையில் உள்ள ஃபிரா நகருக்குப் போக கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் 500-க்கும் மேல் படிகள். இன்னொன்று, கப்பல் மருத்துவமனை. நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது தனியார் மருத்துவமனை மாதிரி, பில் உங்கள் பெயரில்தான் வரும். அம்மாவுக்கு இருமல் என்று ஒரே ஒரு முறை காட்டினோம். அந்தத் தாளைப் பார்த்து எனக்குத்தான் இருமல் வந்தது. கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் இப்போது நான் யாரையும் அழைத்துப் போவதில்லை.

மூன்றாவது, 2022, நான் மட்டும். மனைவி தெளிவாகவே சொல்லிவிட்டாள்: "நீங்க போயிட்டு வாங்க, நான் வரலை." பருவம் மாறும்போது கப்பல்கள் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இடம்பெயரும். இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கரீபியனுக்குக் கூட்டமாகக் கிளம்பும். வெறும் கப்பலாக ஓட்டிப் போக முடியாதே, அதனால் சீட்டு மலிவாகப் போடுவார்கள். பார்சிலோனாவில் ஏறி, அட்லாண்டிக்கில் உள்ள டெனரீஃப் தீவில் கடைசியாகக் கரையைப் பார்த்து, பிறகு ஆறு நாள் தொடர்ந்து தண்ணீர். மலிவு என்றேனே, அதில் ஒரு சிக்கல் உண்டு. கேபின் விலை இருவர் கணக்கில்தான் போடப்படுகிறது. தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு பேர் பணத்துக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும். தனியாளுக்கென்றே சிறு கேபின்கள் உள்ள கப்பல்கள் 2010 வாக்கில் வர ஆரம்பித்தன. அவை வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அந்த ஆறு நாளைத்தான் நான் இந்தப் பகிர்வில் நிறையச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஆனால் சொல்ல அதிகம் இல்லை. மேற்கே போவதால் சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொல்வார்கள். மொத்தம் ஐந்து முறை வைத்தேன். ஐந்து நாளுக்கு 25 மணி நேரம்! ஜன்னல் இல்லாத உள்ளறை எடுத்திருந்தேன். ஏறக்குறைய 15 சதுர மீட்டர், விளக்கை அணைத்தால் கிணற்றுக்குள் மாதிரி இருட்டு. சிலருக்கு அந்த அறையில் மூச்சு முட்டும். நானோ பள்ளிப் பருவத்துக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை. சுவர் இரும்பு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும். நான்கைந்து கொண்டுபோனால் சட்டை, தொப்பி எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும். காலையில் நடைத்தளத்தில் நான்கு சுற்று. அப்புறம் ஒரு புத்தகம். மூன்றாம் நாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மதியச் சாப்பாட்டு அறிவிப்பு வந்தபோதுதான் கவனித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் அன்றைக்கே ஐந்து முறை வரவேற்பு மேஜைக்குப் போய் "அடுத்த கரை எப்போது?" என்று விசாரித்துவிட்டார். பாவம், அவருக்கு அது சிறை.

என்னிடம் இப்போது யாராவது யோசனை கேட்டால் கேட்கும் கேள்வி இதுதான். கப்பல் எங்கும் நிற்காத ஒரு நாள். வைஃபை மெதுவாக இருக்கிறது. நிகழ்ச்சிப் பட்டியலில் பிடித்தது எதுவும் இல்லை. காலை ஒன்பது மணி. அந்த நாளை நினைத்தால் உங்களுக்கு நிம்மதி வருகிறதா, படபடப்பு வருகிறதா? படபடப்பு வந்தால் அதே பணத்தில் ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குங்கள். தம்பதியாகப் போவதென்றால் இருவரும் தனித்தனியே பதில் சொல்லிக்கொள்வது நல்லது. நாங்கள் அதைச் செய்யவில்லை.

நான்காவது 2024-இல், தங்கை குடும்பத்தோடு ஒரு ராட்சதக் கப்பல். அந்த வருடம்தான் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' ஓட ஆரம்பித்தது: 365 மீட்டர் நீளம், 20 தளம், நிரம்பினால் 7,600 பயணிகள். நாங்கள் போனது அவ்வளவு பெரிதில்லை என்றாலும் மனிதக் கூட்டத்துக்குக் குறைவில்லை. பிள்ளைகள் இருவரும் சறுக்கு மரத்திலிருந்து இறங்கவே இல்லை. எந்த ஊரில் நின்றோம் என்று கேட்டால் இன்றும் அவர்களுக்குத் தெரியாது. பெற்றவர்களுக்கோ ஐந்து நாள் ஓய்வு. குழந்தை உள்ளவர்களுக்கு இது தனிக் கணக்கு, கேள்வியே வேண்டாம். எனக்கு? லிஃப்டுக்குக் காத்திருந்ததுதான் நினைவில் நிற்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் இருப்பது கப்பலில் ஏறுவதற்கான விலை மட்டும். மதுவும் பல பானங்களும் தனி, இணையம் தனி, கரைச் சுற்றுலா தனி, ஊழியர்களுக்கான டிப்ஸ் பல கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். எல்லாம் கேபின் அட்டையைத் தேய்த்தால் போதும் என்பதால் செலவு செய்வதாகவே தோன்றாது. முதல் பயணத்தின் கடைசிக் காலை, கதவுக்கடியில் செருகியிருந்த தாளில் கட்டணத்தில் பாதிக்குமேல் கூடுதலாக இருந்தது. இப்போது தினமும் இரவு தொலைக்காட்சியில் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். கைப்பேசியை ஏறியதும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் அது தானாக இணைந்தால் வீட்டுக்கு வந்த பிறகும் பில் துரத்தும். காற்று பலமாக இருந்தால் ஒரு ஊரையே விட்டுவிட்டுப் போகக் கப்பல் தலைவருக்கு உரிமை உண்டு. பயணிக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் அந்தத் துறைமுக வரி மட்டும். ஒரே ஒரு ஊருக்காக முழுப் பயணத்தையும் எடுக்காதீர்கள்.

சின்னச் சின்னது இரண்டு. வாந்திபேதிக் கிருமியான நோரோவைரஸ் கப்பலில் சீக்கிரம் பரவும். ஆல்கஹால் கைத்திரவம் அதற்குப் போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பஃபே வாசலில் திரவத்தைத் தடவிக்கொண்டு உள்ளே ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். இன்னொன்று, கிளம்பும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜில்யோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' என்ற க்ரூஸ் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறிய பலர் இன்னும் பயிற்சியே செய்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் நகரும் முன்பே, அல்லது நகர்ந்த உடனே, பயிற்சி நடத்த வேண்டும் என்று விதி மாறியது. கால் மணி நேர வேலை அது. முனகாமல் நின்றுவிடுங்கள்.

மனசை உறுத்துவதும் ஒன்று இருக்கிறது. என் படுக்கையை விரித்த இளைஞன் எட்டு மாத ஒப்பந்தத்தில் இருந்தான். வாரத்தில் முழு விடுமுறை நாள் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது. இத்தாலிய அரசு 2021-இல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை வெனிஸ் நகரின் முகப்புக் கால்வாய்க்குள் வரக்கூடாது என்று நிறுத்தியது. சில ஆயிரம் பேர் ஒரே காலையில் ஒரு சிறிய ஊரில் இறங்குவதை நானே அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்று பார்த்திருக்கிறேன். மனைவி சொல்வதில் இந்தப் பாதியும் உண்டு. என்னிடம் அதற்கு மறுபேச்சு இல்லை, போவதையும் நிறுத்தவில்லை.

வருகிற நவம்பரில் மறுபடி அட்லாண்டிக். ஆறாம் தளம், நடுப்பகுதி, ஜன்னல் இல்லாத அறை. கப்பல் கிளம்பும் ஊருக்கு மனைவியும் வருகிறாள். பத்து நாள் முன்னதாகவே போய் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கப் போகிறோம். நான் ஏறிய பிறகு அவள் இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருப்பாளாம். "கப்பல் போன பிறகு அந்த ஊரு எப்படி இருக்குன்னு பார்க்கணும்" என்கிறாள்.