கல்லடி வீட்டில் வண்ணக் கண்ணாடிப் பட்டறை: சில வருடப் பாவனைக்குப் பிறகு

வண்ணக் கண்ணாடி வேலைக்கு வீட்டில் ஓர் அறை ஒதுக்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கண்ணாடி விளிம்பு தேய்க்க எந்தக் கிரைண்டர், ஈயம் பற்றவைக்க எந்த அயன் என்றுதான். என் பதில் அங்கே தொடங்குவதில்லை. மட்டக்களப்பின் கல்லடி மாதிரி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கிற நிலத்தில் உப்புக்காற்றை எப்படிச் சமாளிக்கப்போகிறீர்கள் என்பதைத் தீர்த்துக்கொண்டு, அதன் பிறகு கருவிக்குக் காசு செலவழியுங்கள். 2019 கடைசியில் வீட்டின் பின்பக்கச் சாமான் அறையைக் காலிசெய்து தொடங்கினேன். இறக்குமதிக் கட்டுப்பாடு, மின்வெட்டு, மாரி மழை எல்லாவற்றையும் அந்த அறை பார்த்துவிட்டது.

நான் செய்வது செப்பு நாடா முறை. வெட்டிய ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் பசையுள்ள மெல்லிய செப்பு நாடாவைச் சுற்றி, துண்டுகளை அருகருகே அடுக்கி, நாடாவின் மேல் உருக்கிய ஈயம் (சோல்டர்) ஓடவிடுவது. பழைய தேவாலய யன்னல்களில் காண்பது வேறு. அங்கே குறுக்குவெட்டில் ‘எச்’ வடிவமுள்ள ஈயக் கம்பியின் இரண்டு பள்ளங்களுக்குள்ளும் கண்ணாடியைச் செருகி, மூட்டுகளில் மட்டும் பற்றவைத்து, புட்டி அடைப்பார்கள். பெரிய யன்னலுக்கு அதுதான் சரி. வீட்டறையில், கதவுக்கு மேல் வைக்கும் சின்னக் கண்ணாடிக்கும் விளக்குக்கும் செப்பு நாடா போதும்.

அறையைப் பற்றி. சமையலறையிலிருந்து தள்ளி, தனிக் கதவுள்ள அறையாக இருக்க வேண்டும். சுவரில் வெளியே இழுக்கும் ஃபேன் ஒன்று அவசியம். கூரை ஃபேன் ஈயம் பற்றவைக்கும்போது புகையை முகத்துக்கே திருப்பி அனுப்பும், அயன் நுனியின் சூட்டையும் குறைக்கும். கிழக்குப் பார்த்த யன்னல் கிடைத்தால் விடாதீர்கள். காலை வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் எந்தத் துண்டு எங்கே என்று முடிவெடுக்க முடியும். எல்இடி போட்ட ஒளிமேசை மாரிகாலத்துக்கு உதவும், ஆனால் அதில் பார்த்த பச்சையும் வெயிலில் பார்த்த பச்சையும் ஒன்றல்ல.

செருப்பு விஷயம் சின்னதாகத் தெரியும், இல்லை. நாங்கள் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிற ஆக்கள். விளிம்பு கொறிக்கும்போது தெறிக்கும் சிம்பு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். பட்டறைக் கதவுக்கு உள்ளே ஒரு சோடி தடித்த அடிச் செருப்பு எப்போதும் கிடக்கும். உள்ளே போகும்போது போடுவது, வெளியே வரும்போது கழற்றுவது. வீட்டு வழக்கத்துக்கு நேர் எதிர் என்பதால் வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை தடுமாறுவார்கள்.

கண்ணாடி அடுக்கும் தட்டு மரத்தில் செய்தால் கறையான், இரும்பில் செய்தால் துரு. இரண்டுக்கும் நடுவில் அலுமினியம்தான் வழி. ஊரில் அலுமினியக் கதவு யன்னல் செய்யும் கடை இல்லாத தெரு குறைவு. மிச்சத் துண்டுகளை வாங்கி அவர்களிடமே பொருத்துவித்தேன், இன்றுவரை அசைவில்லை. கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும், மாரியில் முற்றத்துத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று இங்கே யாரும் உறுதி சொல்ல முடியாது. கண்ணாடியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். தகடுகளை நெருக்கி அடுக்கி நடுவில் பத்திரிகைத் தாளை விட்டால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; மாதக்கணக்கில் அப்படிக் கிடந்த கண்ணாடியின் முகம் புகைமூட்டமாகி, பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் தெளியாது. ஒவ்வொரு தகட்டுக்கும் தனி இடைவெளி கொடுப்பதுதான் மருந்து.

இப்போது கருவிகள். வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு, அதனால் முக்கால்வாசிச் சாமான் பயணப் பெட்டியில்தான் வரும். கனடாவில் இருக்கிற மச்சானிடம் கட்டர், குறடு, செப்பு நாடா கேளுங்கள். மின்சாரச் சாமான் கேட்காதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அந்த அயனை நேரே செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் சக்தி பாய்ந்து அன்றைக்கே எரிந்துபோகும். இறக்கு டிரான்ஸ்போமர் வைத்தால் அயன் ஓடும், ஆனால் கிரைண்டர் மோட்டார் அங்கத்தைய 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. எங்கள் 50 ஹேர்ட்ஸில் அநேகமாக வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். லண்டன், சுவிஸ் உறவுகளிடம் மின்சாரச் சாமானைச் சொல்லிவிடலாம். லண்டன் என்றால் பிளக்கும் அப்படியே பொருந்தும்.

அயன் எனக்கு ஹக்கோ எஃப்எக்ஸ் 601. 67 வாட்தான், வெப்பத்தை 240 முதல் 540 பாகை வரை திருப்பி வைக்கலாம். வாட் குறைவு என்று யோசிக்க வேண்டாம், நுனியின் சூடு விழுந்தால் உடனே ஏற்றிக்கொள்கிறது. றேடியோ திருத்தும் மெல்லிய அயன் நீண்ட கோட்டில் பாதியிலேயே சூடிழந்து, ஈயத்தைக் கட்டி கட்டியாக விட்டுவிடும். நுனியை ஒருபோதும் அரத்தால் ராவாதீர்கள், மேலே பூசிய இரும்புப் படலம் போனால் நுனியும் போனது. கறுத்த நுனிக்கு நகை வேலை செய்கிறவர்கள் பாவிக்கும் நவச்சாரக் கட்டி போதும்: சூடான நுனியைக் கொஞ்சம் ஈயத்தோடு அதில் தேய்த்தால் வெள்ளிபோல வந்துவிடும். புகை கடுமையாக இருக்கும், ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈயத்தில் 60/40 வாங்குங்கள். வெள்ளீயம் 60, காரீயம் 40. அது 183 பாகையில் இளகத் தொடங்கி 190க்குள் முழுக்க உருகிவிடும், அதனால் கோடு உருண்டு வடிவாக உறையும். 50/50 மலிவு, முழுக்க உருக 212 பாகை வேண்டும், இடையில் களிபோல நிற்பதால் மேடு பள்ளம் விழும். விளிம்புக்கும் பின்பக்கத்துக்கும் அது பரவாயில்லை. நடுவில் பிசின் வைத்த இலத்திரனியல் ஈயம் எல்லாக் கடையிலும் கிடைக்கும், இந்த வேலைக்கு உதவாது. கபிலப் பிசுபிசுப்பு கண்ணாடியெங்கும் ஒட்டும்.

2022இல், மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களில், அயனைக் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் செருகி, தொடங்கிய கோட்டை முடிக்குமளவுக்கு ஓட்டினேன். அந்தக் காலத்தில் வெட்டு வேலைதான் கைகொடுத்தது. கட்டருக்குக் கரண்ட் தேவையில்லை.

செப்பு நாடாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உப்புக்காற்று முதலில் கைவைப்பது இதில்தான். 3 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு 7/32 அங்குல நாடா, அதாவது ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர், இருபக்கமும் ஒன்றே கால் மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே மடிந்து நிற்கும். உருளையைத் திறந்தபடி மேசையில் விட்டால் சில வாரங்களில் ஓரம் கறுக்கும், கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காமல் வழுக்கி ஓடும். என் உருளைகள் எல்லாம் சிப் பையில், அந்தப் பைகள் இறுக்கமான பிஸ்கட் டின்னில், டின்னுக்குள் சிலிக்கா ஜெல். டின்னைக் கூரைக்குக் கிட்ட உயரத்தில் வைக்கக் கூடாது, சூட்டில் பசை காய்ந்து நாடா கழன்றுவிடும். ஏற்கெனவே சுற்றிய துண்டு கறுத்துவிட்டால் வினாகிரியில் உப்புக் கரைத்துத் தொட்டுத் துடைத்தோ, 0000 இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தோ காப்பாற்றலாம்.

இதனால் வேலையே பருவத்தோடு போகிறது. கச்சான் காற்று அடிக்கிற வரண்ட மாதங்களில் நாடாச் சுற்றிய துண்டுகள் இரண்டொரு நாள் காத்திருந்தாலும் பிரச்சினை இல்லை. மாரியில் அன்று பற்றவைக்க முடிகிற அளவுக்குத்தான் அன்று சுற்றுவது. மிச்ச நேரம் வெட்டவும் தேய்க்கவும்.

செம்பில் ஈயம் பிடிப்பதற்காக முதலில் பூசும் ஃப்ளக்ஸ் இன்னொரு தலையிடி. துத்தநாகக் குளோரைட்டு ஃப்ளக்ஸ் நன்றாக வேலை செய்யும், ஆனால் அதன் ஆவி அறையில் உள்ள இரும்பையெல்லாம் தின்னும். உப்புக்காற்றும் சேர்ந்தால் குறடு ஒரு மாரியிலேயே இறுகிவிடும். ஃப்ளக்ஸ் போத்தலுக்கு அறைக்கு வெளியே ஒரு பெட்டி, கட்டருக்கும் குறடுக்கும் மூடியுள்ள வேறு பெட்டி. பற்றவைத்த துண்டை அன்றிரவே கழுவுங்கள்: அப்பச்சோடாத் தண்ணீர், பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கோடுகள் பச்சை பூத்துவிடும்.

கிரைண்டர் இல்லாமலும் தொடங்கலாம், வளைவுகள் கூடிய வேலை என்றால் வேண்டும். இரண்டு விஷயம். கல்லடிக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து ஸ்பொஞ்ச் கல்லாகும், குழாய்த் தண்ணீர்தான். வைரத் தூள் பூசிய உருளையைத் தண்டில் மாட்டும்போது கிரீஸ் தடவுங்கள், வாரத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, கழற்ற மெக்கானிக்கைத் தேட வேண்டிவரும்.

கட்டருக்கு ஒரு பந்தி போதும். ஜப்பான் டோயோ, எண்ணெய் ஊறும் வகை. உள்ளே தையல் மெஷின் ஒயில். ஒரு கோட்டை ஒரு தரம்தான் கீற வேண்டும்; கடைக்காரர் பாவிக்கும் மலிவுக் கட்டரும் கீறும், கை அலுக்கும்.

உண்மையான தட்டுப்பாடு கருவியில் இல்லை, கண்ணாடியில்தான். ஊர்க் கடைகளில் 3 மில்லிமீற்றர் தெளிவுக் கண்ணாடி, பூப்போட்ட கண்ணாடி, கபிலம், சாம்பல், நீலம், பச்சைச் சாயல் தகடுகள் கிடைக்கும். அலுமினியக் கடை மிச்சத்தில் 5 மில்லிமீற்றர்தான் அதிகம். மெல்லியதோடு சேர்த்தால் படி விழும். வலுவூட்டிய கண்ணாடி என்றால் தொடவே வேண்டாம், வெட்டப்போனால் முழுத் தகடும் நொறுங்கிவிடும். சிவப்பும் செம்மஞ்சளும் இங்கே இல்லை. அந்த நிறங்களுக்கு செலேனியமும் கட்மியமும் வேண்டும், நல்ல இளஞ்சிவப்புக்குத் தங்கமே சேர்ப்பார்கள், விலையும் அப்படி. அமெரிக்காவின் புல்ஸ்ஐ, விஸ்மாக், ஓஷன்சைட் தகடுகள் உறவுகள் வழியாக வரும். பழைய வீடியோக்களில் புகழப்படும் ஸ்பெக்ட்ரம் 2016இல் மூடிவிட்டது, அதன் வகைகளை எடுத்துக்கொண்டது ஓஷன்சைட்தான். ஓர் அடிச் சதுரத் தகடு ஏறத்தாழ 700 கிராம் வரும். பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து வந்தவை உடையவில்லை. பார்சலில் வந்தவற்றில் பாதி சில்லு. ஒரு வேலைக்குத் தேவையான நிறத்தை மொத்தமாகவும் கொஞ்சம் கூடவும் எடுங்கள், அடுத்த தரம் அதே சாயல் வராது.

என்னிடம் வருகிற ஓடர்கள் இரண்டு வகை. ஒன்று பாடும் மீன். தெரியும், மட்டக்களப்பு என்றால் மீன்தான், ஆனால் அந்த வளைந்த வாலை இனிக் கண்ணை மூடிக்கொண்டும் வெட்டுவேன். மற்றது காத்தான்குடிப் பக்கத்துப் புது வீடுகளின் வாசல் கதவுக்கு மேலே வைக்கும் எட்டுமுனை நட்சத்திரக் கோலங்கள். எல்லாம் நேர்கோடு, சுலபம் என்று தோன்றும். மீனில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் யாருக்கும் தெரியாது. இங்கே நாடாத் தடிப்பால் துண்டுக்கு அரை மில்லிமீற்றர் கூடினாலே பத்துத் துண்டில் 5 மில்லிமீற்றர் தள்ளிப்போகும், நட்சத்திரம் மூடாது. அலுமினிய ‘எல்’ சட்டத்தை மேசையில் அறைந்து, அதற்குள் அடுக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் குறைத்தால்தான் சேரும். என் கிரைண்டரின் ஆயுளில் பெரும்பங்கைத் தின்றது இந்த நட்சத்திரங்கள்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த வேலை அதுவே.

ஈயம் நஞ்சு என்பதைப் பயப்படுத்தாமல் சொல்ல வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை, மூக்கில் ஏறுவது ஃப்ளக்ஸ் புகை. ஈயம் உடம்புக்குள் போவது கைவழியாக, வாய்வழியாக. அறைக்குள் தேத்தண்ணீர் கிடையாது. கை கழுவாமல் பிள்ளையைத் தூக்குவதும் கிடையாது. கர்ப்பமாக இருப்பவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ளே வர வேண்டாம். தூசியைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சிந்திய ஈயத்தைப் பக்கத்து வீட்டு அண்ணன் வீச்சுவலைக்கு மணி வார்க்கக் கேட்பார். நான் கொடுப்பதில்லை, அவர் உருக்கப்போவது பிள்ளைகள் விளையாடுகிற குசினி அடுப்பில்.

முடித்த வேலை இந்த ஊரில் நிற்க மெழுகு வேண்டும். கழுவிக் காய்ந்ததும் கார்னூபா கலந்த வாகனப் பொலிஷ் பூசித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஈயக் கோட்டில் வெள்ளைத் தூள் படரும். கடல் பார்த்த வீடுகளில் வருடம் ஒருதரமாவது திரும்பப் பூசச் சொல்லித்தான் கொடுக்கிறேன். சட்டத்துக்கு முதிரை மரம். 78ஆம் ஆண்டுச் சூறாவளியைக் கண்ட எங்கள் அம்மா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து “இது நிக்குமா மகள்?” என்பா. அதனால் வெளி யன்னலில் வைப்பதற்கு வெளிப்பக்கம் ஒரு தெளிவுக் கண்ணாடியும் சேர்த்தே போடுகிறேன். தொங்கவிடும் கொளுக்கியை ஓர நாடாவில் ஒட்ட வேண்டாம், பாரத்தில் உரிந்துவிடும். உள்ளே ஓடுகிற ஈயக் கோடு விளிம்பைத் தொடும் இடத்தில் பற்றவையுங்கள்.

சூளை வாங்கவில்லை, இப்போதைக்கு வாங்கவும் மாட்டேன். கண்ணாடியில் தீட்டிய சாயத்தைச் சுட்டு நிலைப்படுத்த 600 பாகைக்கு மேல் மணிக்கணக்கில் ஏற்ற வேண்டும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும், அடுத்த பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறியதைக் கட்டியவர்களுக்கு அந்தக் கணக்குப் புரியும். வளைய வாளும் அப்படித்தான்: ஆழமான வளைவுகளை அறுக்கும், சரி, ஆனால் அதன் விலைக்கு இரண்டு வருடத்துச் சிவப்புக் கண்ணாடி வரும். எனக்குச் சிவப்புத்தான் வேண்டும்.