லான்ட்மாஸ்டர் ஏற்றுவதற்கு எந்தப் பெட்டி? வன்னி வயல்களிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

எங்களுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் உருத்திரபுரத்தில் ஒரு வயலும், வவுனிக்குளத்தின் கீழ் இன்னொரு வயலும் இருக்கின்றன. உருத்திரபுரத்து வயலைப் பெரிய உழவு இயந்திரமே உழுதுவிடும். வவுனிக்குளத்து வயல் பள்ளக்காணி. மழை விழுந்தபின் சேறு ஆழமாகி, நான்கு சில்லு இயந்திரம் அச்சுவரை புதைந்துவிடும் என்பதால், அங்கே சேறடிக்க, பின்னால் நடந்து ஓட்டும் இரண்டு சில்லுச் சிறிய உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டர்தான் வேண்டும். அந்த லான்ட்மாஸ்டரைக் கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் மாங்குளம் வரை கொண்டுபோய், அங்கிருந்து மேற்கே மல்லாவிப் பக்கம் திருப்பி, வயல் வரை சேர்ப்பதற்கு, பெரிய உழவு இயந்திரம் இழுத்துப்போகும் ஒரு நல்ல பெட்டி (ட்ரெய்லர்) தேவைப்பட்டது. அதைத் தெரிந்தெடுத்த விதத்தையும், பல காலபோகங்கள் (மாரிமழைக்கால நெற்செய்கை) அதைப் பயன்படுத்தியபின் தெரியவந்தவற்றையும், இதே தேவை உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

லான்ட்மாஸ்டரை அதன் சொந்தச் சில்லில் ஓட்டிப்போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும்தான், ஆனால் அந்த வேகத்தில் ஏ9 வீதியில் பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் இடையே போவது ஓட்டுபவருக்கும் ஆபத்து, பின்னால் வருபவருக்கும் ஆபத்து. சேற்றுக்குப் பூட்டும் இரும்புச் சில்லோடு தார் வீதியில் ஏறவே முடியாது. ஆகவே பெரிய உழவு இயந்திரத்தின் பின்னால் பெட்டி கொழுவி, அதில் லான்ட்மாஸ்டரையும் இரும்புச் சில்லுகளையும் விதைநெல்லையும் ஒரே தடவையில் ஏற்றிப்போவதே சரியாக இருந்தது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டுக்குக் கிடைத்த டீசலில் போகத்தை ஒப்பேற்ற, இந்த ஒரே தடவைப் பயணம் பெரிதும் கைகொடுத்தது.

பெட்டி வாங்கும்போது எங்கள் பக்கத்தில் முதலில் எழும் கேள்வி, எத்தனை மூட்டை நெல் ஏறும் என்பதுதான். லான்ட்மாஸ்டர் ஏற்றுவதற்கு அந்தக் கேள்வி உதவாது. இயந்திரம், சுழல் கலப்பை, இரும்புச் சில்லு எல்லாம் சேர்ந்தாலும் அரை டன் அளவில்தான் வரும். அதை எந்தப் பெட்டியும் தாங்கும். தளம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அச்சு பெட்டியின் எந்த இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது, இயந்திரம் ஏறும் வழி எப்படிப்பட்டது என்ற மூன்றையுமே நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

தளத்தின் உயரத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண நெல்லுப் பெட்டியில் தளம் சில்லுகளுக்கு மேலே இருக்கும். அப்படித் தளம் 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து, 2 மீற்றர் நீளப் பலகை வைத்து ஏற்றினால், சாய்வு 27 பாகை வரை வந்துவிடுகிறது. தளத்தைச் சில்லுகளுக்கு இடையே இறக்கி 60 சென்ரிமீற்றரில் அமைத்து, ஏறுபலகையை 2.4 மீற்றராக்கினால் சாய்வு 15 பாகைக்குள் அடங்குகிறது. தளம் தாழ்ந்தால் கிரவல் பாதையிலும் வயல் வரம்பிலும் அடிபடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. முதலில் தட்டுவது தளம் அல்ல, அச்சு. அச்சின் உயரத்தைத் தீர்மானிப்பது சில்லின் அளவு. 7.50-16 ரயர் போட்ட பெட்டியில் தளம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அச்சு ஒரே உயரத்தில்தான் இருக்கும். தளம் அச்சுக்கு மேலே இருக்கும்வரை, அதைத் தாழ்த்துவதால் பாதையில் எதையும் இழப்பதில்லை. அகலத்தில் மட்டும் கொஞ்சம் இழக்க நேரும்.

ஏறுவழியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விபத்து நடக்கும் இடம் அதுதான். காருக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ இரண்டு ஒடுங்கிய பலகைகள் போதும். லான்ட்மாஸ்டரைக் கொண்டுபோகிறவர் அதன் பின்னால் நடந்து வருகிறார். இரண்டு பலகைகளுக்கு நடுவே அவர் கால் வைக்க இடமில்லை. ஆகவே பெட்டியின் பின்கதவே முழு அகலத்துக்கும் மடிந்து இறங்கும் ஏறுபலகையாக இருக்க வேண்டும். அதன் மேல் குறுக்கே இரும்புக் கம்பிகள் ஒட்டியிருக்க வேண்டும்; இரு ஓரங்களிலும் சில்லு வழுகி விழாதபடி நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு வேண்டும்.

இறக்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. லான்ட்மாஸ்டரின் கைப்பிடிகளில் இருக்கும் பக்கக் கிளட்ச்சில் இடப்பக்கத்தைப் பிடித்தால் சமதரையில் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில், இயந்திரம் கியரின் பிடியில் மெல்ல இறங்கும்போது, அதே இடப்பக்கக் கிளட்ச்சைப் பிடித்தால் இடச் சில்லு பிடி விட்டு வேகமாக உருளும்; வண்டி வலப்பக்கம் திரும்பும். பழகிய கை தன்னையறியாமல் செய்யும் அசைவே அந்த இடத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். ஆகவே பலகையில் சில்லு தொடுவதற்கு முன்னரே நேராக நிறுத்திக்கொண்டு, மிகக் குறைந்த கியரில், பக்கக் கிளட்ச்சைத் தொடாமல் ஏற்றவும் இறக்கவும் வேண்டும். சாய்வு குறைவாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். வாய்க்காலின் மண்கட்டோடு பெட்டியின் பின்பக்கத்தைச் சேர்த்து நிறுத்தினால் சாய்வு இன்னும் குறையும். ஆனால் மழைக்குப் பின் கட்டின் ஓரம் இடியும் என்பதால் அதைக் காய்ந்த நாளில் மட்டும் செய்கிறோம்.

இரண்டு சில்லா, நான்கு சில்லா என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நான்கு சில்லுப் பெட்டி தன் பாரத்தைத் தானே சுமக்கிறது. இழுக்கும் இயந்திரத்தின் பின்சில்லுக்கு அதனால் பாரம் கிடைப்பதில்லை. ஒடுங்கிய வயல் பாதையில் அதைப் பின்னுக்கு எடுப்பதும் பெரும்பாடு. இரண்டு சில்லுப் பெட்டியில் அச்சு சரியான இடத்தில் இருந்தால் பாரத்தின் ஒரு பங்கு கொழுவும் இடத்தில் இறங்கி, சேற்றில் பின்சில்லுக்குப் பிடி கொடுக்கிறது. எங்கள் பெட்டி பத்தடி நீளம். அதைச் செய்துதந்த ஒட்டுவேலைக்காரத் தம்பி, “அண்ணை, அச்சை நடுவில வைச்சா நெல்லுக்குக் காணும். மெசின் ஏத்திறதெண்டா ஓரடி பின்னுக்குத் தள்ளுவம்” என்று சொல்லி, முன்பலகையிலிருந்து ஆறடியில் அச்சைப் பூட்டினார். உழவு இயந்திரத்தோடு கொழுவும் வளையம் முன்பலகைக்கு ஐந்தடி முன்னால் இருக்கிறது. இந்தக் கணக்கில் 500 கிலோ பாரம் சரியாகப் பெட்டியின் நடுவில் இருந்தால் அதில் 45 கிலோ வளையத்தில் இறங்குகிறது. இன்னும் ஓரடி முன்னால் தள்ளி நிறுத்தினால் அது 90 கிலோவாகிறது. பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் வளையம் மேல்நோக்கி எழும்பப் பார்க்கும். வீதியில் பெட்டி ஆடத் தொடங்கும். இரும்புச் சில்லுகளை எப்போதும் அச்சுக்கு முன்னால் படுக்கவைத்தே ஏற்றுகிறோம்.

கொழுவும் இடம் தாழ்வாக இருக்க வேண்டும். கலப்பை பூட்டும் மேல் இணைப்பில் பெட்டியைக் கொழுவினால், பாரம் இழுக்கும்போது உழவு இயந்திரத்தின் முன்சில்லு கிளம்பி அது பின்னுக்கே கவிழக்கூடும். கொழுவும் ஆணிக்குப் பூட்டூசி போட வேண்டும். அதோடு ஒரு சங்கிலியும் வேண்டும். இத்தகைய பெட்டிக்குத் தனிப் பிறேக் இல்லாததால், வீதியில் ஏறுமுன் உழவு இயந்திரத்தின் இடது, வலது பிறேக் மிதிகளைக் கொக்கியால் ஒன்றாக்கிவிட வேண்டும். வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவிட்ட மிதியை அப்படியே விட்டு வீதியில் ஒன்றை மட்டும் மிதித்தால், இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கும், பெட்டி மறுபக்கம் தள்ளும்.

தளத்துக்கு இரும்புத் தகடு போடாமல் பாலைப் பலகை போட்டோம். தகட்டில் சேறு பட்டால் ரயரும் வழுகும், ஆளின் காலும் வழுகும். பலகை இத்தனை போகங்களிலும் உக்கவில்லை. இரும்புச் சில்லின் பற்கள் பட்ட இடங்களில் மட்டும் வடு இருக்கிறது. எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேய்ந்தது கொழுவும் வளையம்தான். உட்பக்கம் நீள்வட்டமாகத் தேய்ந்து, ஒவ்வொரு குழியிலும் இடிக்கத் தொடங்கியபோது, தடித்த உருக்கு வளையமாக மாற்றி ஒட்டிக்கொண்டோம். வாங்கும்போதே தடித்த வளையம் கேட்டுப் பெறுங்கள். சில்லைச் சுழலவைக்கும் பெயரிங்கைப் பொறுத்தவரை, அது இருக்கும் சில்லின் நடுக்குடம் நீரில் மூழ்கினால் கிறீஸ் பால்நிறமாக மாறிவிடும். அதன்பின் அது காப்பதில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே நீர் ஓடும் பாலத்தையோ துருசடியையோ (மதகடி) கடக்க நேர்ந்த பருவத்தின் முடிவில் கழற்றிக் கழுவிப் புதிய கிறீஸ் போடுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எப்படியும் நிற்பதால், தேங்காய் உடைத்தபின் இரு குடங்களிலும் கைவைத்துச் சூடு பார்த்து, சங்கிலியையும் கட்டுகளையும் இறுக்கிப் பார்க்கிறோம். லான்ட்மாஸ்டரைக் கைப்பிடியில் கட்டாமல் அடிச்சட்டத்தில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். கைப்பிடியில் கட்டினால் குலுக்கலில் அது வளையும், கட்டும் தளரும்.

பெட்டிக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தனிப் பதிவு உண்டு. பட்டறையில் சொல்லிச் செய்விப்பவர்கள், அதற்கான ஆவணங்கள் கிடைக்குமா என்று முற்பணம் கொடுக்கு முன்னரே கேட்டுவிடுவது நல்லது. பின்விளக்குகளும் சிவப்புத் தெறிதகடுகளும் இல்லாத பெட்டியை இருட்டிய பின் ஏ9 வீதியில் இழுத்துவர வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். பழைய இயந்திரத்தின் மின்சாரம் நம்பத்தக்கதல்ல என்றால், பெட்டிக்கென்று ஒரு சிறு பற்றறியை வைத்து விளக்கு எரிக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

வயல்கள் எல்லாம் ஒரே குளத்தின் கீழ் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. போகத்துக்கு ஒருமுறை சிறிய லொறி பிடித்து ஏற்றி இறக்குவது அவர்களுக்கு மலிவு. எங்களைப் போல ஒரே காலபோகத்துக்குள் இரண்டு இடத்துக்கும் மாறிமாறிப் போகிறவர்கள், அதுவும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு வயலை முடித்து மற்றதற்கு ஓட வேண்டியவர்கள், தளம் தாழ்ந்த இரண்டு சில்லுப் பெட்டியைச் சொல்லிச் செய்விப்பதே பொருத்தம். அறுவடை முடிந்தபின் பக்கப் பலகைகளைப் பூட்டி, அதே பெட்டியில் நெல்லையும் ஏற்றிவரலாம்.