பாட்டை ஏற்றும் முன் பணம் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் பாருங்கள்

லேபிள் இல்லாமல் சொந்தமாக இசை செய்து ஆன்லைனில் விற்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் பார்க்கிறார்கள்: சேர எவ்வளவு, ஸ்பாட்டிஃபை போன்ற எத்தனை ஆன்லைன் கடைகளுக்குப் பாட்டு போகும். ஏமாற்று நடப்பது அந்த இரண்டிலும் அல்ல. காசை எடுக்கப் போகும்போதும், பாட்டைத் திரும்பக் கேட்கும்போதும்தான் நடக்கிறது.

'இலவச விநியோகம், 100% ராயல்டி உங்களுக்கே' என்று அழைக்கும் மோசமான டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் (பாட்டைக் கடைகளுக்கு அனுப்பி, பணத்தை வாங்கித் தரும் சேவைகளிடம்) மாட்டுவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். பாட்டு சில நாளில் எல்லாக் கடையிலும் வந்துவிடும், சந்தோஷமாக இருக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் டேஷ்போர்டில், அதாவது உங்கள் கணக்குப் பக்கத்தில், ஒரு காசும் தெரியாது. இது இயல்புதான், ஸ்ட்ரீமிங் கடைகள் கணக்கு அனுப்பவே அவ்வளவு நாள் ஆகும். அந்த இயல்பான தாமதத்துக்குப் பின்னால்தான் இவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். பிறகு ஒரு தொகை தெரியும். எடுக்கப் போனால், குறைந்தபட்சம் 50 அல்லது 100 டாலர் சேர வேண்டும் என்பார்கள். சேர்ந்ததும் வரிப் படிவம் வரவில்லை என்பார்கள். அதையும் கொடுத்தால், 'செயற்கை ஸ்ட்ரீம் சந்தேகம்', அதாவது பாட்டைக் கேட்டது மனிதர்கள் அல்ல, மென்பொருள் என்று சொல்லிக் கணக்கை முடக்குவார்கள். சரி, பாட்டையாவது எடுத்துவிடுங்கள் என்றால் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் நீக்கக் கட்டணம்.

இதில் கொடுமை, சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றும் உண்மையிலேயே இருப்பவை. அமெரிக்க நிறுவனம் என்றால் வெளிநாட்டுக் கலைஞர், தான் அமெரிக்கர் அல்ல என்று காட்டும் டபிள்யூ-8பென் (W-8BEN) வரிப் படிவம் தர வேண்டும். தராவிட்டால் அமெரிக்க வருமானத்தில் 30% வரை பிடிக்கலாம். அதைச் சேர்ந்த அன்றே நிரப்பி, நிரப்பியதற்கான திரைப்பிடிப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாக்கு குறையும்.

செயற்கை ஸ்ட்ரீம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபை, போலி ஸ்ட்ரீம்கள் அப்பட்டமாகத் தெரியும் ட்ராக்குகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதம் வாங்குகிறது. அவர்களில் பலர் அதைக் கலைஞர் தலையில் இறக்கிவிடுகிறார்கள். ஆகவே 'இத்தனை ஆயிரம் கேட்புகள் உத்தரவாதம்' என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். உத்தரவாதம் கொடுக்க முடிகிறது என்றாலே அங்கே கேட்பது மனிதர்கள் அல்ல. நீங்கள் எதுவும் வாங்காமலேயே யாரோ ஒருவரின் போலி பிளேலிஸ்டில் உங்கள் பாட்டு விழக்கூடும். ஒரே நகரத்திலிருந்து திடீரென எண்ணிக்கை எகிறினால், அந்த பிளேலிஸ்டின் பெயர், தேதி, எண்ணிக்கை மூன்றையும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு பேச்சு வந்தால் அந்த மின்னஞ்சல்தான் உங்கள் சாட்சி.

ஒப்பந்தம் நீளமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் சில சொற்களையாவது தேடிப் பாருங்கள். 'லைசென்ஸ்' என்று இருந்தால் நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள், பாட்டு உங்களுடையதாகவே இருக்கிறது. 'அசைன்' என்று இருந்தால் உரிமையையே கைமாற்றுகிறீர்கள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'எக்ஸ்க்ளூசிவ்' என்றால் அதே ட்ராக்கை உங்கள் சொந்தத் தளத்தில்கூட விற்க முடியாமல் போகலாம். தானாகப் புதுப்பிக்கப்படும் காலமும், விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் பெரும்பாலும் ஒரே பத்தியில் இருக்கும். கணக்கை மூடினால் மிச்சத் தொகை என்ன ஆகும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். 'நிறுவனத்தையே சேரும்' என்றோ, எதுவுமே சொல்லாமலோ இருந்தால் சேர வேண்டாம்.

யூடியூப் கன்டென்ட் ஐடி பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யாதீர்கள். உங்கள் பாட்டின் ஒலி வரும் மற்றவர் வீடியோக்களைக் கண்டுபிடித்து உங்கள் பெயரில் உரிமை கோரும் ஏற்பாடு அது. பாட்டில் உள்ள ஒலி முழுவதற்கும் வேறு யாருக்கும் இல்லாத உரிமை உங்களிடம் இருந்தால்தான் அது செல்லும். சாம்பிள் பேக்கில் (தயார் ஒலித்துண்டுகளின் தொகுப்பில்) வாங்கிய லூப்பை இன்னும் ஆயிரம் பேர் பயன்படுத்தியிருப்பார்கள். அவர்களுடைய வீடியோக்கள் மீதெல்லாம் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போகும், கடைசியில் முடக்கப்படுவது உங்கள் கணக்கு.

நேர்மையான இடங்களிலும் கணக்குப் போட்டுத்தான் சேர வேண்டும். ஆண்டுச் சந்தா வாங்கும் டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் சந்தா நின்றால் பாட்டுகளும் பொதுவாக இறங்கிவிடும். டிஸ்ட்ரோகிட் என்ற டிஸ்ட்ரிபியூட்டரிடம் அப்படி இறங்காமலிருக்க ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு பாட்டு விடுகிறவருக்கு, முதலில் ஒருமுறை கட்டணம் வாங்கிக்கொண்டு பிறகு வருமானத்தில் பங்கு மட்டும் எடுக்கும் முறை மலிவு. ரசிகர்களுக்கு நேரடியாக டவுன்லோட் விற்க உதவும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15% எடுக்கிறது. 12 மாதத்தில் விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் 10%. பணப் பரிமாற்றக் கட்டணம் அதற்கு மேல். 8 டாலர் ஆல்பம் 100 பேர் வாங்கினால் 800 டாலரில் 120 அவர்களுக்கு, மிச்சம் 680, அதில் பரிமாற்றக் கட்டணம் கழியும். ஸ்பாட்டிஃபையிலோ கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத ட்ராக்குக்கு ராயல்டியே கணக்கில் வராது. சிறிய, விசுவாசமான கேட்பாளர் கூட்டம் உள்ளவர்கள் நேரடி விற்பனையை முதலில் வைத்து, ஸ்ட்ரீமிங்கைப் பின்னால் விடுவதே சரி என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

எந்தத் தளத்தையும் கிடங்காக நினைக்க வேண்டாம். இசைத் தளமான எம்பி3.காம் 2003இல் மூடப்பட்டபோது அங்கிருந்த பாட்டுகளும் போயின. மைஸ்பேஸ் 2015 வரை ஏற்றப்பட்ட இசைக் கோப்புகளை இழந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. அதே ஆண்டு, ரசிகர்களிடம் முன்பணம் திரட்டித் தரும் பிளெட்ஜ்மியூசிக் சரிந்தது. ரசிகர்கள் முன்கூட்டியே கட்டிய பணம் பல கலைஞர்களுக்கு வந்து சேரவே இல்லை. பேண்ட்கேம்ப்பே 2022இலும் 2023இலும் இரண்டு முறை கைமாறியது. அதனால் வேவ் மாஸ்டர்கள் (சுருக்கப்படாத இறுதி ஒலிக்கோப்புகள்), 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படம், பாடல் வரிகள், பங்களித்தோர் பெயர்கள் எல்லாம் உங்களிடம் இரண்டு பிரதிகளாக இருக்கட்டும். வாங்கியவர்களின் மின்னஞ்சல் பட்டியலைத் தரும் தளமாகப் பார்த்து, அதை மாதம் ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். தொகை வரம்பைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள், சேர விடாதீர்கள்.

புதிய இடத்தைச் சோதிக்க ஆல்பத்தைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு ட்ராக் கொடுங்கள், அதன் பணம் வங்கிக்கு வரும்வரை காத்திருங்கள். சேரும் முன்பே உதவிப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பி, பதில் எழுதுவது மனிதரா என்றும் பாருங்கள்.

ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது வரிசை தவறினால் ஸ்ட்ரீம் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும், பிளேலிஸ்ட் இடங்களும் போகும். முதலில் பழைய டேஷ்போர்டிலிருந்து ஒவ்வொரு ட்ராக்கின் எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி (ISRC) குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அந்த ஒலிப்பதிவின் அடையாளம். யார் கொடுத்திருந்தாலும் அடுத்த இடத்திலும் அதுதான். அதைக் காட்டவே மறுக்கும் சேவை உங்களைப் பிடித்துவைக்கப் பார்க்கிறது என்று கொள்ளலாம். அதே ஒலிக்கோப்பு, அதே தலைப்பு, அதே எழுத்துக்கூட்டலில் அதே பெயர், இவற்றோடு புதிய இடத்தில் ஏற்றுங்கள். கடையில் இரண்டும் தெரிந்து, எண்ணிக்கை இணைந்த பிறகே பழையதை நீக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தைக் குறிப்பிட்டு, விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அந்தக் காலம் முடிந்தும் பாட்டு இறங்கவில்லை என்றால், ஒவ்வொரு கடையின் காப்புரிமை மீறல் படிவத்திலும் உரிமையாளராக நீங்களே நேரடியாகப் புகார் கொடுக்கலாம். விலகல் கடிதமும் மூலப் பதிவின் கோப்புகளும் கையில் இருக்கட்டும். காலம் முடிவதற்கு முன்பே இந்தப் புகாரைக் கொடுத்தால், ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்று ஆகிவிடும்.