ஸ்பீக்கர் வயர்: முதலாம் குறுக்குத் தெருவில் எதைக் கேட்டு வாங்குவது?

கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் "ஸ்பீக்கர் வயர் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் இரண்டில் ஒன்று மேசைக்கு வரும். ஒன்று, சிவப்பும் கறுப்புமாக ஒட்டிய மெல்லிய வயர். மற்றது, கண்ணாடி போன்ற உறைக்குள் பளபளக்கும் தடித்த வயர். தடித்ததைத்தான் கை தேடும். ஆனால் அந்தப் பளபளப்புக்குள் இருப்பது பல வேளைகளில் செம்பு பூசிய அலுமினியம்.

வயருக்கு வேலை ஒன்றுதான்: அம்ப்ளிபயர் கொடுப்பதை வழியில் தின்றுவிடாமல் ஸ்பீக்கரில் சேர்ப்பது. எவ்வளவு தின்னும் என்பதை உலோகம், பருமன், நீளம் ஆகியவைதான் தீர்மானிக்கின்றன. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் வரவேற்பறையை எடுத்துக்கொள்வோம். சுவரோரமாக, கதவு நிலையைச் சுற்றிக் கொண்டுபோனால் ஒரு ஸ்பீக்கருக்கு 5 மீற்றர் வயர் போகும். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்கில் அது 10 மீற்றர். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் இந்தத் தூரத்துக்குத் தடை ஏறத்தாழ 0.23 ஓம். 2.5 சதுர மில்லிமீற்றர் என்றால் 0.07 ஓம்.

வயரின் தடை ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவுகோல். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம் வரை போகலாம். அப்படிப் பார்த்தால் மெல்லிய வயரே தேறிவிடுகிறது. ஆனால் பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும், சில அதிர்வெண்களில் பல ஸ்பீக்கர்கள் 4 ஓம் அளவுக்கு இறங்குகின்றன. வேறு சிலவற்றில் 20 ஓமுக்கு மேல் ஏறுகின்றன. இறங்கும் இடத்தில் மெல்லிய வயர் அரை டெசிபல் அளவுக்குத் தின்கிறது. ஏறும் இடத்தில் 0.1 டெசிபல்தான். அதாவது ஒலி மொத்தமாகக் குறையவில்லை, அதன் நிறம் சற்றே மாறுகிறது. 2.5 வயரில் மிக மோசமான இடத்திலும் இழப்பு 0.15 டெசிபல். மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது அடித்தொனி தரும் இடப்பக்கத்தை, அது இருக்கிறபடியே கேட்க விரும்புகிறவருக்கு இந்த வித்தியாசம் சிறிது என்றாலும் பொருட்படுத்தத்தக்கது. இரண்டு மீற்றருக்குள் முடிந்துவிடும் மேசை ஸ்பீக்கருக்கு மெல்லிய செம்பே தாராளம்.

இனி அலுமினியம். இதன் தடை அதே பருமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 2.5 என்று விற்கப்படுவது வேலையில் 1.6 செம்புக்குத்தான் நிகர். அந்த அளவிலேயே விற்றால் குறையொன்றுமில்லை, 5 மீற்றருக்கு அதுவும் போதும். செம்பு என்று சொல்லி விற்பதுதான் அநியாயம். கண்டுபிடிப்பது எளிது. "நானா, ஒரு இழையைச் சுரண்டிப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் பிளேட்டைத் தானே எடுத்துத் தருவார். ஒற்றை இழையை நகத்தில் வைத்துச் சுரண்டினால் செம்பு உள்ளேயும் சிவப்பாகவே இருக்கும். பூச்சு என்றால் வெள்ளை வெளேரென்று அலுமினியம் தெரியும். வெளியே வெள்ளையாக இருந்து சுரண்டும்போது சிவந்தால் அஞ்ச வேண்டாம், அது வெள்ளீயம் பூசிய செம்பு. நம் ஊருக்கு மிக நல்லது. லைட்டரும் உதவும்: அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும், செம்புக்கு 1,085 வேண்டும். தீயில் காட்டிய இழை சுருண்டு உருண்டையாகிவிட்டால் விடை கிடைத்துவிட்டது. முழுச் சுருளாக வாங்குகிறவர் தூக்கிப் பார்த்தாலே போதும். செப்புச் சுருளைவிட எடை நன்றாகக் குறைந்திருக்கும்.

என் தெரிவு, கெலனி, ஏசிஎல் போன்ற உள்ளூர் நிறுவனங்களின் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர நிர்ணய) முத்திரை பெற்ற, வளைந்து கொடுக்கும் இரட்டைச் செப்பு வயர்தான். மின்சாதனங்களுக்காகச் செய்தது என்பதால் இசைக்கு ஆகாது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதில் நியாயம் இல்லை. ஸ்பீக்கருக்கென்றே வரும் வெளிநாட்டு வயர்களில் 'ஒட்சிசன் நீக்கிய செம்பு' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அதன் தூய்மை 99.95 சதவீதம், சாதாரண மின்கம்பிச் செம்பு 99.9. மின்னைக் கடத்துவதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதம் அளவில்தான். வெளிநாட்டு வயரின் உண்மையான சிறப்பு வேறு: 0.2 மில்லிமீற்றர் இழைகள் 79 சேர்ந்த வயர் பட்டையாகவும் மென்மையாகவும் இருக்கும், கம்பளத்துக்கு அடியில் படிந்துவிடும், ஒரு பக்கத்தில் கோடு இருப்பதால் கூட்டல், கழித்தல் முனைகளும் குழம்பாது. வீட்டின் அழகு கெடக் கூடாது என்பவர் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம். ஒலிக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளூர் வயரை எடுத்தால் ஒரு கவனம் கட்டாயம் வேண்டும். பார்வைக்கு அது அயன்பெட்டி வயர் போலவே இருக்கும். வீட்டில் யாராவது அதற்குப் பிளக் மாட்டிச் சுவரில் செருகிவிட்டால் ஸ்பீக்கர் போகும், ஆளுக்கும் ஆபத்து. இரு முனைகளிலும் 'ஸ்பீக்கர்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

வீடு கட்டும்போது மிஞ்சிய 7/0.67 வயரைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏழு கம்பிகள் சேர்ந்து 2.5 சதுர மில்லிமீற்றர், நல்ல செம்பு, தடையில் குறை சொல்ல முடியாது. சுவருக்குள் குழாய் வழியே போகிறது என்றால் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிப் போடுங்கள். வெளியே ஓட்ட வேண்டாம். விறைப்பான கம்பி சிறிய ஸ்பீக்கர்களின் ஸ்பிரிங் பொருத்தியை நெம்பி உடைத்துவிடும்.

விலை உயர்ந்த பக்கத்தில் வெள்ளி வயர்களும் பாம்பு போல் தடித்த பின்னல் வயர்களும் இருக்கின்றன. வெள்ளி செம்பைவிட ஏறத்தாழ 6 சதவீதம்தான் நன்றாகக் கடத்தும். செம்பின் பருமனைச் சற்றுக் கூட்டினால் அதே பலன் வந்துவிடும். 2007இல் அமெரிக்காவில், போலி உரிமைகோரல்களை அம்பலப்படுத்திவந்த மந்திரவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டொலர் விலையுள்ள ஒரு வயரைச் சாதாரண வயரிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 இலட்சம் டொலர் தருவதாக அறிவித்தார். பரிசை யாரும் கொண்டுபோகவில்லை. அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். நம் தொடர்மாடிகளின் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஒலியை எதிரொலிக்கின்றன; ஒரு தடித்த கம்பளமும் கனத்த திரைச்சீலையும் எந்த வெள்ளி வயரையும்விடப் பலன் தரும்.

வயர் வாங்குகிறவர்கள் பொதுவாக நினைத்துப் பார்க்காதது கடல் காற்று. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியிலிருந்து ரயில் பாதைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் வாழ்பவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன கதிக்கு ஆளாகிறது என்று தெரியும். உறையுரித்த செப்பு முனையும் அதே உப்பைத்தான் குடிக்கிறது. முதலில் கருக்கும், பிறகு பச்சை பூக்கும். கண்ணாடி உறை வயரில் அந்தப் பச்சை மெல்ல உள்ளே ஏறுவதைக் கண்ணாலேயே காணலாம். இப்படிப் பூத்த ஒரு முனையின் தடை முழு வயரின் தடையையும் மிஞ்சிவிடக் கூடும். பூச்சு அலுமினியம் இங்கே இன்னும் மோசம். வெட்டிய முனையில் இரண்டு உலோகங்களும் ஈரமும் உப்பும் சேர, அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே மிச்சம் பிடித்த காசில் கொஞ்சத்தை முனைக்குச் செலவிடுங்கள். தங்க முலாம் பூசிய பனானா பிளக்கை (ஸ்பீக்கர் பொருத்தியின் துளையில் செருகும் ஒற்றை முனை பிளக்) இறுக்கமாக மாட்டுங்கள். திருகும் பொருத்தி என்றால் வயர் முனைக்கு ஈயம் பற்றவைக்காதீர்கள்; அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கிப் பிடி தளர்ந்துவிடும். முனையில் சிறு செப்புக் குழலைச் செருகி நசுக்கிவிடுவது மேல். வயரைச் சற்று நீளமாகவே வெட்டுங்கள். முனை கருத்தால் இரண்டு சென்ரிமீற்றரை நறுக்கிப் புதிதாக உரித்துக்கொள்ளலாம். இடதும் வலதும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று அலைய வேண்டாம். இரண்டு மீற்றர் வித்தியாசம் 0.03 ஓமுக்குள் அடங்கிவிடும்.

மாட்டி முடித்ததும் பாட்டில் அடித்தொனி மெலிந்து, பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அலைந்தால் வயரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பக்கத்தில் கூட்டலும் கழித்தலும் மாறியிருக்கும். அம்ப்ளிபயரிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனையில் 1.5 வோல்ற் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பற்றரியின் கூட்டல் முனை, வயரின் கூட்டலில் பட வேண்டும். பெரிய ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால் சரி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தள்ளவில்லை என்றால் உள்ளே இழுக்கும் பக்கத்தை மாற்றிச் செருகுங்கள்.