காலேஜ் ஸ்டேஷன் டு சான் ஹோசே: கார ஓட்டிட்டுப் போறதா, ட்ரக்ல ஏத்தி அனுப்பிடறதா?

காலேஜ் ஸ்டேஷன்ல இருக்கற டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டில படிச்சு முடிச்சு, கலிஃபோர்னியால சான் ஹோசே இருக்கற பே ஏரியால வேலை கெடச்சவங்களுக்கு மே மாசம் வர்ற கேள்வி இது. தூரம் சுமார் 1,800 மைல். கூட ஓட்ட ஒரு ஆள் இருந்து காரும் நல்லா இருந்தா ஓட்டிட்டே போயிடுங்கன்னுதான் நான் சொல்வேன், கேஸ், மோட்டல், சாப்பாடு இதான் செலவு, சாமானும் டிக்கியிலயே போயிடும். ஆனா ஐ-10 ஹைவேல டெக்சாஸோட மேற்கு கோடியில இருக்கற எல் பாசோ தாண்டறதுக்கே ஒரு முழு நாள் ஆயிடும், டயர் பழசுன்னா அந்த வெயில்ல தனியா கெளம்பாதீங்க ப்ளீஸ்.

தனி ஆளுன்னா ட்ரக்தான் நல்லது, அலைச்சல் இல்ல, கார் ஓடின மைல் கணக்கும் ஏறாது. ஆனா நாம பேசறது பெரும்பாலும் ப்ரோக்கர்கிட்ட, ட்ரக் வேற ஒருத்தரோடது, அதனால ப்ரோக்கர் ரொம்ப கம்மியா ரேட் சொன்னா அந்தக் காசுக்கு டிரைவர் யாரும் எடுக்காம கார் அங்கயே நிக்கும், நீங்க வீட்டு லீஸ் முடியற அன்னிக்கு பிக்கப் வெச்சிருந்தா தவிச்சுப் போயிடுவீங்க, ஒரு வாரம் முன்னாடியே வைங்க. ட்ரக் கம்பெனியோட யுஎஸ்டாட் நம்பர (அரசாங்கம் குடுக்கற பதிவு எண்) எஃப்எம்சிஎஸ்ஏங்கற, ட்ரக் கம்பெனிகள கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்போட சைட்ல பாத்துக்கோங்க. காருக்குள்ள வெக்கிற சாமானுக்கு பொதுவா இன்ஷூரன்ஸ் கெடையாது. டேங்க்ல கால்வாசி போதும். டெலிவரி அப்போ கீறல் இருந்தா பில் ஆஃப் லேடிங்ல (கார ஏத்தும்போதும் எறக்கும்போதும் அதோட நெலமைய எழுதற ரசீது) எழுதாம கையெழுத்து போடவே போடாதீங்க.