கேமிங் பிசி: இப்போதே மாற்றலாமா, பொறுக்கலாமா?

போன வருடம் ஆடி மாதம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து என் பழைய பிசியின் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் மாற்றினேன். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் இருக்கும் மாமா மகனுக்கும் அப்போது இதே யோசனைதான். ஆனால் அவன் "ஓணம் கழியட்டும் மச்சான்" என்றான், ஓணம் கழிந்ததும் தீபாவளி ஆஃபரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றான், இன்றுவரை வாங்கவில்லை. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஏஎம்4 (ஏஎம்டி கம்பெனியின் பிராசசரை மாட்டும் முந்தைய தலைமுறை சாக்கெட்) மதர்போர்டும் 16 ஜிபி டிடிஆர்4 (டிடிஆர்5-க்கு முந்தைய தலைமுறை) ரேமும் இருந்தால் பொறுக்காதீர்கள், இருக்கிற போர்டிலேயே மாற்றிவிடுங்கள்.

என்னுடையது 2019 கடைசியில் சேர்த்த மெஷின். ஏஎம்4 வகை பி450 போர்டு, ரைசன் 5 2600 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. ஐந்து வருடம் நன்றாகவே ஓடியது. டூம்: தி டார்க் ஏஜஸ் 2025 மே மாதம் வந்தபோதுதான் உறைத்தது: அந்த கேமுக்கு ரே டிரேசிங் (ஒளியும் நிழலும் நிஜம்போல் விழக் கணக்கிடும் முறை) ஹார்டுவேர் உள்ள கார்டு கட்டாயம், 1660-இல் அது கிடையாது. செட்டிங்ஸைக் குறைத்து ஓட்டுகிற விஷயம் இல்லை இது. அதனால் ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு இரண்டையும் வாங்கினேன். போர்டு, ரேம், 550 வாட் பவர் சப்ளை, எஸ்எஸ்டி எல்லாம் பழையதே.

ஆர்டிஎக்ஸ் 5060 கார்டையும் பார்த்தேன். அதற்கு மெமரி 8 ஜிபிதான், அதோடு அது போர்டோடு எட்டு லேனில் (தகவல் போய்வரும் தடம்) மட்டுமே பேசும். பி450 போர்டில் கார்டு மாட்டும் இணைப்பு பழைய பிசிஐஇ 3.0, அதில் எட்டு லேன் என்றால் பாதை குறுகல், கார்டின் மெமரி நிரம்பும்போது அது நன்றாகத் தெரியும். 9060 எக்ஸ்டி பதினாறு லேன். பழைய போர்டுக்காரர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கக்கூடாது.

பொறுத்திருப்பதற்குச் சொல்லும் காரணங்களில் பாதி எப்போதும் சொல்வதுதான்: அடுத்த வருடம் புதிது வரும், விலை இறங்கும். ஜிடிஏ 6 கேம் வரட்டும் என்று நிறைய பேர் நிற்கிறார்கள். அதற்கு அறிவித்திருக்கிற 2026 நவம்பர் 19 பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான், பிசி அந்த அறிவிப்பில் இல்லை. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது. அதற்காக இன்றைக்கே கார்டு வாங்கவும் வேண்டாம், அதற்காக நிற்கவும் வேண்டாம்.

உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ரேம்தான். பொறுத்திருந்து முழுதாகப் புதிது எடுப்பது என்றால் ஏஎம்டியில் அது புதிய சாக்கெட்டான ஏஎம்5, ஏஎம்5 போர்டு டிடிஆர்5 தவிர வேறு எதையும் ஏற்காது. அதாவது கையில் இருக்கும் ரேம் அதற்குச் செல்லாது. புனலூர் மச்சானுக்காக ஆகஸ்டில் தென்காசிக் கடை அண்ணாச்சி ஒரு துண்டுச்சீட்டில் முழுப் புது செட்டுக்கான விலை எழுதிக் கொடுத்திருந்தார், அந்தச் சீட்டை நான் பர்ஸிலேயே வைத்திருந்தேன். இந்த ஜனவரியில் அதையே எடுத்துக்கொண்டு போய்க் கேட்டபோது போர்டு, பிராசசர் வரிகளில் பெரிய வித்தியாசம் இல்லை, 32 ஜிபி ரேம் என்ற வரியை மட்டும் அடித்துவிட்டுப் பக்கத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஒரு தொகை எழுதினார். "காலையில சொன்ன விலை சாயங்காலம் நிக்காது தம்பி" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உலகத்தில் ரேம் சிப்பில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். ஏஐ சர்வர்களுக்கு வேண்டிய எச்பிஎம் என்ற அதிவேக மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தொழிற்சாலைகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள், நமக்கு வருவது குறைந்துவிட்டது. மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புதுத் தொழிற்சாலை கட்டி உற்பத்தி வர வருடக்கணக்கில் ஆகும். கிராபிக்ஸ் கார்டிலும் மெமரி சிப்தானே இருக்கிறது, அந்த விலையும் இதோடு சேர்ந்துதான் நகரும். ஆக, பொறுத்தால் இறங்கும் என்ற பழைய கணக்கு இந்தத் தடவை செல்லாது. டிடிஆர்4-உம் ஏறிவிட்டது, ஆனால் ஏற்கெனவே ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கும் ரேமுக்கு யாரும் புதிதாகக் காசு கேட்கப் போவதில்லை.

மாற்றும்போது இரண்டு விஷயம் ஜாக்கிரதை. புது பிராசசரைப் போடும் முன், பழையது இருக்கும்போதே போர்டுக்குள் இருக்கும் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்ய வேண்டும், நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துப்போகலாம். ஆடிக்காற்றில் எங்கள் தெருவில் அன்று இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் யூபிஎஸ் கேட்டு வாங்கி வந்து மாட்டிய பிறகுதான் தொட்டேன். அப்புறம் பிராசசர் மேல் இருக்கும் கூலர். இரண்டுக்கும் நடுவே சூடு கடத்தப் பூசிய ஐந்து வருடத்துத் தெர்மல் பேஸ்ட் இறுகிப் பசை மாதிரி பிடித்திருக்கும், நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அடியில் இருக்கும் பின்கள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்டது கைக்குத் தெரிந்த பிறகே தூக்குங்கள்.

1080பி, 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் முன்பு கூட்டமான இடங்களில் திக்கித் திக்கி ஓடிய கேம்கள் இப்போது நொடிக்கு 75 ஃபிரேமிலேயே நிற்கின்றன. நான் ஓட்டிப் பார்த்தது இவ்வளவுதான், 4கே மானிட்டர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏஎம்4-க்கு இதற்கு மேல் பெரிய வழி இல்லை என்பதும் நிஜம். ஏஎம்5-ஐ 2027-க்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நான்கு வருடம் கழித்து நான் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டி வரலாம், அதை ஒத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

மச்சானுடையது இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ5 7400 பிராசசர். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பொதுவாக ஏற்பதில்லை, அதனால் அவனுக்கு போர்டே மாற வேண்டும். ஆனால் அவன் போர்டில் இருப்பதும் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 தான். ஏஎம்4 வகையிலேயே ஒரு பி550 போர்டும் ரைசன் 5600-உம் மட்டும் வாங்கினால் அந்த ரேமையே மாட்டிக்கொள்ளலாம், கார்டைப் பிறகு பார்க்கலாம். அந்த ரேமின் 2400 வேகம் ரைசனுக்குக் குறைவுதான். வரும் சனிக்கிழமை அவன் ரேம் இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு ஆரியங்காவு வழி ரயிலில் வருகிறான், என் போர்டில் மாட்டி அதன் வேகம் எதுவரை ஏறுகிறது என்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணாச்சி கடைக்குப் போகிறோம்.