“ஒண்ணும் ஆகாதுங்க” என்று காலாவதி மாத்திரையைத் தருகிறார்கள், தேதி பார்த்து வாங்குங்கள்

கோபி பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. கடையின் பெயர் வேண்டாம். எழுபது வயதைத் தாண்டிய அம்மாயி ஒருவருக்கு ரத்தக் கொதிப்புக்காகத் தினம் ஒரு அம்லோடிபின் 5 மி.கி. மாதத்துக்கு முப்பது மாத்திரை. மருந்துக்கடையில் கொடுத்தது இரண்டு முழு அட்டை. மீதிப் பத்தும் வெட்டுத் துண்டுகள், ஆறும் நாலுமாக. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு. முழு அட்டைகளில் தேதி சரியாக இருந்தது. துண்டுகளில் தேதியே இல்லை. பேரன் திருப்பி எடுத்துப் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: “ஒண்ணும் ஆகாதுங்க தம்பி. கம்பெனிக்காரன் எப்பவுமே ஒரு வருசம் கொறச்சுத்தான் தேதி போடுவான். கட் பண்ணுன அட்டைய நாங்க ரிட்டர்ன் எடுக்கறதில்லீங்க.” தேதி அச்சிட்ட துண்டு கடை டிராயரிலேயே கிடந்தது. காலாவதியாகி நாலு மாதம். பில் என்று கொடுத்தது தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு.

ஈரோடு, திருப்பூர், கோவை என்று எங்கும் நேர்மையாக நடத்தும் மருந்துக்கடைகள்தான் அதிகம். ஆனால் மேலே சொன்ன பதில் பல ஊர்களில் காதில் விழுகிறது, வாங்குகிறவர்களும் நம்பிவிடுகிறார்கள். அதில் பாதி உண்மை இருப்பதால் மறுத்துப் பேசவும் தெரிவதில்லை. எது உண்மை, எது இல்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

காலாவதித் தேதி என்பது மருந்து விஷமாக மாறும் நாள் அல்ல. அட்டையில் சொன்னபடி வைத்திருந்தால் அந்தத் தேதிவரை மருந்தின் வீரியத்துக்கு நான் பொறுப்பு என்று கம்பெனி கொடுக்கும் உறுதி அது. அமெரிக்க ராணுவம் 1986 முதல் தன் கையிருப்பு மருந்துகளைக் காலாவதிக்குப் பிறகும் சோதித்துப் பார்க்கிறது. 2006இல் வெளியான அதன் முடிவில், 122 வகை மருந்துகளின் 3005 பேட்ச்களில் (பேட்ச் என்றால் ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) 88 சதவீதம், தேதி முடிந்து குறைந்தது ஒரு வருடமாவது தரம் குறையாமல் இருந்தன. “கம்பெனிக்காரன் கொறச்சுத்தான் போடுவான்” என்பதற்கு ஆதாரம் இதுதான்.

அந்த மருந்துகள் எப்படி இருந்தன என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. பிரிக்காத மூலப் பெட்டியில், வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும் கிடங்கில் இருந்தன. ஒவ்வொரு பேட்ச்சையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் தேதியை நீட்டினார்கள். ஒரே மருந்தில் ஒரு பேட்ச் தேறி, இன்னொரு பேட்ச் தேறாமல் போனதும் உண்டு. கையில் எடுத்துப் பார்த்து எது தேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் ஊர் நிலைமை வேறு. மாத்திரை அட்டைகளில் பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும் என்றுதான் போட்டிருக்கும். கரூர் பரமத்தியிலும் ஈரோட்டிலும் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகர ஷீட் போட்ட கடை, மேல் தட்டில் சூடேறிய அட்டைப் பெட்டி, மத்தியானம் பைக் பெட்டியில் வந்த பார்சல் என்று பார்த்தால், தேதி முடியாத மருந்தே வீரியம் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. தேதியும் முடிந்ததை எந்த நம்பிக்கையில் கொடுப்பது?

இதில் கவலைப்பட வேண்டிய மருந்துகள் எவை என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்சுலின் திறக்காதவரை 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் வீண். திறந்த பிறகு பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள்தான். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், பாட்டிலைத் திறக்கத் திறக்க ஆவியாகிக் குறையும். அது வேலை செய்யாவிட்டால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரமும் போய்விடும். வலிப்புக்கான கார்பமசெபின் ஈரம் பட்டால் இறுகி, உடம்பில் சேரும் அளவு மூன்றில் ஒரு பங்குவரை குறையலாம். வால்பாறை மாதிரி மழை ஊரில் வெட்டிய அட்டையில் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளாவுலானேட் சேர்ந்த ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் ஈரம் ஆகாது, மஞ்சளோ பழுப்போ ஏறிவிடும். அதையே தண்ணீர் கலந்து குழந்தைக்குக் கொடுக்கும் சிரப் ஃபிரிட்ஜில் 7 நாள்தான் தாங்கும்; பாட்டிலில் இரண்டு வருடத் தேதி இருந்தாலும் அது பொடியாக இருக்கும்வரைதான். கண் சொட்டு மருந்து திறந்து ஒரு மாதம். ஆஸ்பிரினில் காடி வாசம் வந்தால் அது சிதைந்துவிட்டது என்று பொருள். கெட்டுப்போன மருந்து நேரடியாகத் தீங்கு செய்ததற்கு டெட்ராசைக்ளின் உதாரணம்: 1963இல் மருத்துவ இதழில் பதிவானது, சிதைந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது. அந்தப் பழைய தயாரிப்பு முறை இப்போது இல்லை. ஆனாலும் “எதுவும் விஷமாகாது” என்று ஒரேயடியாகச் சொல்லக் கூடாது.

மெதுவாக வரும் கெடுதலை யாரும் கவனிப்பதில்லை. கொதிப்பு மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ வீரியம் குறைந்தால் உடனே எதுவும் தெரியாது. அடுத்த முறை போகும்போது ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கும், தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு கூடியிருக்கும். மாத்திரை சரியில்லை என்று டாக்டருக்குத் தெரியாது, டோஸைக் கூட்டுவார். அந்த மாதம் வாங்கும் புது அட்டை முழு வீரியத்தோடு இருந்தால் தலைசுற்றல், படபடப்பு, வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிவதுவரை போகலாம். விழுந்ததற்கும் மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய துண்டு அட்டைக்கும் யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். கிருமித்தொற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கில் வீரியம் குறைந்தால் நோய் குணமாகாததோடு, கிருமிக்கும் அந்த மருந்து பழகிவிடும்.

இனி ஏமாற்றும் முறைகள். காலாவதி ஆன சரக்கைக் கடைக்காரர் மொத்த வியாபாரி வழியாகக் கம்பெனிக்குத் திருப்பலாம், பணம் வரும். ஆனால் வெட்டிய அட்டையைப் பெரும்பாலும் யாரும் திரும்ப எடுப்பதில்லை. அதனால் தேங்கிப் போன நாலு மாத்திரையின் நட்டம் கடைக்காரர் தலையில். தில்லுமுல்லு அதிகம் நடப்பது இந்தத் துண்டுகளில்தான். அட்டையில் தேதியும் பேட்ச் எண்ணும் ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கும். நல்ல கடைக்காரர் மறு ஓரத்திலிருந்து வெட்டி, தேதி உள்ள பக்கத்தைக் கடைசிவரை காட்டுவதற்காக வைத்திருப்பார். ஏமாற்றுகிறவரும் அதே ஓரத்தில்தான் வெட்டுவார், தேதியை மட்டும் காட்ட மாட்டார். வெட்டுவது குற்றமில்லை. ஆகவே நாலு மாத்திரை வாங்கினாலும், வெட்டுவதற்கு முன் முழு அட்டையைக் கையில் வாங்கித் தேதியைப் பாருங்கள், போனில் ஒரு படம் எடுங்கள். ஏற்கெனவே வெட்டிய துண்டு என்றால் தேதி உள்ள மிச்சத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வேறு கடை. கத்தரிக்கோல் மாத்திரைக் குழியின் மேலேயே போயிருந்தால் அந்த மாத்திரையும் வேண்டாம்.

ரப்பர் பேண்டு கட்டில் மேல் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பிரித்து ஒவ்வொன்றின் பேட்ச் எண்ணையும் பாருங்கள்; வேறு வேறாக இருப்பது தப்பில்லை, ஒவ்வொன்றின் தேதியும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிரப், சொட்டு மருந்துகளில் வெளி அட்டைப்பெட்டியின் தேதியும் உள்ளே இருக்கும் பாட்டிலின் தேதியும் ஒத்துப்போக வேண்டும். மை அச்சு என்றால் தின்னர் தொட்டு அழிக்க முடியும். லேபிளில் மங்கிய திட்டு, தேதி மேல் விலை ஸ்டிக்கர், எழுத்து கோணலாக இருப்பது எல்லாம் சந்தேகத்துக்குரியவை. இது கற்பனை இல்லை. 2010இல் சென்னையில், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் கொட்டிய காலாவதி மருந்துகளைப் பொறுக்கிப் புதுத் தேதி ஒட்டிக் கடைகளுக்கு அனுப்பிய கும்பல் பிடிபட்டது. அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் க்யூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் பேட்ச், தயாரித்த தேதி, காலாவதி மூன்றும் வரும். அட்டையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இது சட்டப்படி தப்பில்லை, ஆனாலும் நட்டம்தான்: 20 சதவீதம் தள்ளுபடி என்று மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுப்பார்கள், தேதி இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கும். எத்தனை நாள் மருந்து வாங்குகிறோமோ அதற்கு மேல் இரண்டு மாதமாவது தேதி இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தேதி வாசிக்கும்போது தயாரித்த மாதத்தைக் காலாவதி என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். 03/2026 என்று காலாவதி இருந்தால் அந்த மார்ச் மாதத்தின் கடைசி நாள்வரை சாப்பிடலாம்.

டாக்டர் சாம்பிள் என்று அச்சிட்ட அட்டையை விற்கக் கூடாது. காகிதக் கவரில் பெயரில்லாத உதிரி மாத்திரை கொடுக்கும் கிளினிக்கிலும் பெயர், தேதி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம், உடம்பு நம்முடையது.

வீட்டில் அடுப்புக்கு மேல் அலமாரியும் குளியலறையும் மருந்துக்கு ஆகாத இடங்கள். காரின் டாஷ்போர்டில் இன்சுலினை ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது. மாத்திரையை டப்பாவில் கொட்டி வைக்காமல் அட்டையோடு வையுங்கள். காலாவதி ஆனதை நொய்யலிலோ பவானியிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். அட்டையிலிருந்து பிரித்து மண்ணோடோ காப்பித் தூளோடோ பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் சேருங்கள். காலாவதியான வலி ஊசியை, வீணாக வேண்டாம் என்று மாட்டுக்குப் போடுகிற வழக்கம் சில தோட்டங்களில் இருக்கிறது. அந்த வலி மருந்துகளில் ஒன்றான டைக்ளோஃபெனாக்கை மாடுகளுக்குப் போட 2006லேயே தடை. அதைப் போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகள் சத்தியமங்கலம் காட்டை ஒட்டித்தான் வாழ்கின்றன.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிடாதீர்கள், கொதிப்பு, வலிப்பு, சர்க்கரை மருந்துகளை நிறுத்துவதுதான் அதிக ஆபத்து. வேறு கடையில் புது அட்டை வாங்கி வழக்கமான நேரத்துக்குப் போடுங்கள், ஈடுகட்ட இரண்டாகப் போடாதீர்கள். கொதிப்போ சர்க்கரையோ அளந்து பார்த்து, டாக்டரிடம் எத்தனை நாள் பழைய மருந்து சாப்பிட்டோம் என்று சொல்லுங்கள். டோஸை முடிவு செய்ய அது அவருக்கு முக்கியம். தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதியலாம்.

புகார் கொடுக்க நினைத்தால் முதல் வேலை, அட்டையைக் கடையில் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது. “மாத்தித் தர்றோங்க, இதக் குடுங்க” என்பார்கள். கொடுத்தால் உங்கள் சாட்சி போனது, அதே துண்டு அடுத்தவர் கவருக்குப் போகும். அட்டையின் இரண்டு பக்கம், பில், கடையின் பலகை மூன்றையும் படம் எடுங்கள். பில் தராவிட்டால் ஜிபே பணம் அனுப்பிய பதிவு உதவும். கடைச் சுவரில் உரிமம் மாட்டியிருக்க வேண்டும், அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மருந்துகள் விதிகள் 1945, விதி 65 சொல்வது இதுதான்: காலாவதி மருந்தை விற்கவும் கூடாது, விற்பனைச் சரக்கோடு வைக்கவும் கூடாது, திருப்பி அனுப்ப வைத்திருந்தால் தனிப் பெட்டியில், மேலே ‘விற்பனைக்கல்ல’ என்று பெரிதாக எழுதி வைக்க வேண்டும். ஆகவே டிராயரில் மற்ற துண்டுகளோடு கிடந்ததே மீறல். “நீங்க வாங்குனா வாங்குங்க, இல்லைன்னா விடுங்க” என்பது பதிலாகாது.

மனுவை உங்கள் மாவட்ட மருந்துகள் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுங்கள்: கடைப் பெயர், உரிம எண், வாங்கிய தேதி, மருந்தின் பெயர், பேட்ச், காலாவதி ஆறையும் முதல் பத்தியிலேயே எழுதி, ரசீது கேட்டு வாங்குங்கள். மருந்து தரத்தில் சந்தேகம் இருந்தால், கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க வாங்கியவருக்கே உரிமை உண்டு. இழப்பீடு வேண்டுமென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். வாங்கிய மதிப்பு 5 லட்சம்வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.